ஜீப் கதவு தொங்குகிறதா? பூட்டை விடுங்கள், கீலைப் பாருங்கள்

"கொஞ்சம் தூக்கிச் சாத்துப்பா." பழைய ஜீப் வைத்திருக்கும் வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. ஏறுகிற விருந்தாளிக்கும் சொல்வார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் சொல்வார்கள். ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை கதவின் அடியில். இப்படித் தூக்கிச் சாத்தியே பத்து வருடம் ஓட்டியவர்கள் பர்மாவில் எங்கள் மோல்மீன் ஊரில் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அந்தக் கதவைச் சரிசெய்ய இரண்டு நாள் வேலை போதும். லேத் வேலையை மட்டும் வெளியே கொடுத்துவிட்டு மீதியை நீங்களே செய்யலாம்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். அந்தப் போர்க்கால ஜீப்புக்குக் கதவே கிடையாது. ஏறுகிற இடத்தில் குறுக்கே மாட்ட ஒரு பட்டை, அவ்வளவுதான். போர் முடிந்து பர்மாவில் நின்றுபோன வண்டிகளுக்குக் கூரையும் இரும்புக் கதவும் போட்டது நம் ஊர்ப் பட்டறைகள். அதனால் நம் ஜீப்பின் கீலுக்குப் பார்ட் நம்பரும் கிடையாது, கம்பெனி டப்பாவில் வருகிற ரிப்பேர் செட்டும் கிடையாது. அன்றைக்குப் பட்டறைக்காரர் கையில் எந்தக் குழாய், எந்தப் பட்டை இருந்ததோ அதுதான் கீல். லேண்ட் குரூசர் 40, லேண்ட் ரோவர் மாதிரி வண்டி என்றால் கீலின் நடுவே போகிற கம்பியான பின்னையும், அதைச் சுற்றித் துளைக்குள் உட்காருகிற சின்னக் குழாயான புஷ்ஷையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழி உண்டு. நமக்கு அளந்து செய்வதுதான் ஒரே வழி. முறை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

தேய்மானம் எப்படிக் கதவை இறக்குகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர், கதவின் அகலம் 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் கீல் அரை மில்லிமீட்டர் வெளியே வருகிறது, கீழ் கீல் அரை மில்லிமீட்டர் உள்ளே போகிறது. கண்ணுக்கே தெரியாத அந்த ஆட்டத்தில் கதவின் பூட்டுப் பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் இறங்கிவிடும். பூட்டின் நாக்கு, வண்டி உடம்பில் அதைப் பிடிக்கிற கொக்கியில் போய் முட்ட அது தாராளம். பாரமும் சும்மா இல்லை. 18 கிலோ கதவின் நடுப்பாரம் கீலிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், கதவு தொங்கி நிற்கும்போதே மேல் கீலை 21 கிலோ வெளியே இழுக்கிறது, கீழ் கீலை அதே 21 கிலோ உள்ளே தள்ளுகிறது. முடோன் பக்கத்து ரப்பர் தோட்டப் பாதையில் குலுங்கும்போது அது எத்தனை மடங்காகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவுதான் எப்போதும் முதலில் போகும். மற்றவர்கள் ஒரு முறை ஏறி இறங்குவதற்குள் ஓட்டுகிறவர் நாலு முறை ஏறி இறங்குகிறார். ஜீப்புக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். 1970-ல் நாடு வலப்பக்க ஓட்டத்துக்கு மாறிய பிறகு அந்தக் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கிறது. எதிரே லாரி வரும்போது தானாகத் திறந்துகொள்ளும் கதவு எவ்வளவு ஆபத்து என்பதை நினைத்துத்தான் இந்த வேலையை நான் ஒருபோதும் தள்ளிப்போடச் சொல்வதில்லை.

எங்கே ஆட்டம்?

கதவைப் பாதி திறந்து வைத்து, ஒருவரைப் பூட்டுப் பக்கம் அடியில் பிடித்து மெல்லத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் மேல் கீலில் விரலை வையுங்கள். கீலின் இரண்டு தகடும் இதழ், பின் நுழைகிற குழாய்ப் பகுதி உருளை. விரல் நுனி பாதி ஒரு இதழிலும் பாதி அடுத்த இதழின் உருளையிலும் இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே அசைவது விரலில் தெரிந்தால் பின்னும் துளையும் தேய்ந்திருக்கின்றன. கீல் முழுதும் ஒன்றாக அசைந்து, வண்டி உடம்போடு சேருகிற இடத்தில் பிரிந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. கீலும் போல்ட்டும் அசையாமல், சுற்றியுள்ள தகடே மூச்சு விடுகிற வயிறு மாதிரி உப்பி அடங்கினால் தகடு வெடித்திருக்கிறது. பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் போல்ட் ஓட்டையிலிருந்து மயிர்க்கோடு கிளம்பியிருக்கும்.

மூன்றும் சேர்ந்தே இருப்பதுதான் வழக்கம். ஆனால் எது பெரிது என்று தெரியாமல் கீலைக் கழற்றாதீர்கள். கழற்றிய பிறகு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

பூட்டுக் கொக்கியை அரம் போட்டு இறக்குவது, கதவைக் கட்டை கொடுத்து நெம்பித் தூக்குவது, இரண்டையும் செய்யவே செய்யாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தோட்டக்காரரின் ஜீப்புக்கு நான் கொக்கியை அரம் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் கதவு அழகாகச் சாத்தியது, அவரும் சந்தோஷமாகப் போனார். அடுத்த மழைக்காலத்துக்குள் கதவு இன்னும் இறங்கி, அரம் போட்ட கொக்கியில் நாக்கு பிடிக்காமல், வளைவில் திறந்துகொண்டது. அவருடைய பேரன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. அதற்குப் பிறகு ஆட்டத்தைக் கண்டுபிடிக்காமல் எந்தக் கதவிலும் நான் கை வைத்ததில்லை.

கழற்றுவது

முதலில் பூட்டுக் கொக்கியை முழுதாகக் கழற்றி வையுங்கள். அப்போதுதான் கதவு தன் போக்கில் எங்கே தொங்குகிறது என்று தெரியும். சுற்று இடைவெளியை நாலு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கூர்க்கம்பியால் ஒவ்வொரு கீலையும் சுற்றிக் கோடு கீறுங்கள். சாக்குக்கட்டி அழிந்துபோகும், கீறல் அழியாது. கீலுக்கு அடியில் பழைய தகட்டுத் துண்டுகள் வைத்திருந்தால் எந்தக் கீலுக்கு எத்தனை என்று கம்பியில் கோத்துக் கட்டிவிடுங்கள்.

கதவுக்கு அடியில் மரக்கட்டையும் பழைய டியூபும் வைத்துப் பாரத்தை ஏற்றுங்கள். கீழ் கீலை முதலில், மேல் கீலைக் கடைசியில் கழற்ற வேண்டும். மேல் கீலை முதலில் கழற்றினால் கதவு வெளியே சாய்ந்து கீழ் கீலின் தகட்டைக் கிழித்துவிடும். மாட்டும்போது மேல் கீல் முதலில்.

திருகுகளின் வெட்டுக்குள் பத்துத் தலைமுறைப் பெயின்ட் இருக்கும். உடைந்த ஆக்ஸா பிளேடால் அதைச் சுரண்டி எடுத்து, பாதி கியர் ஆயிலும் பாதி மண்ணெண்ணெயும் கலந்து முதல் நாள் ராத்திரியே ஊற்றி வையுங்கள். சில திருகு அப்போதும் அசையாது. உடனே கேஸ் டார்ச்சைத் தேடாதீர்கள். போர்க்கால ஜீப்பின் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. கீலிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம். டேங்க்கை இறக்கி வெளியே தூரமாக வைக்காமல் அந்தப் பக்கம் நெருப்பு கொண்டுபோகக் கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட மோசம், உள்ளே நிற்பது ஆவி. சுத்தியால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் இருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் திருகின் தலையைத் துளையிட்டு எடுத்துவிடுங்கள், மீதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

பின்னை எடுப்பது

கீலை வைஸில் பிடித்து இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனை அடித்துப் பரப்பியிருக்கும், அல்லது வெல்டிங் பொட்டு வைத்திருக்கும். அந்த முனையைக் கிரைண்டரால் மட்டம் செய்துவிட்டு அடுத்த பக்கம் தள்ளுங்கள். அடிக்கும்போது கீலின் உருளைக்கு அடியில் பின் நுழையும் அளவு குழாய்த் துண்டைத் தாங்கலாக வையுங்கள். தாங்கல் இல்லாமல் அடித்தால் இதழ் வளையும், வளைந்த இதழோடு மற்ற எந்த அளவும் ஒத்துவராது. நாலு அடிக்கு அசையவில்லை என்றால் அடிப்பதை நிறுத்துங்கள். உருளைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் ஆக்ஸா பிளேடை விட்டுப் பின்னை அறுத்து, துண்டுகளை இரு பக்கத்திலிருந்தும் துளையிட்டு எடுங்கள்.

எடுத்த பின்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல் கீல் பின்னில் ஒரு பக்கம் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும், மறுபக்கம் பழைய பளபளப்பு அப்படியே இருக்கும். கீழ் கீல் பின்னில் ஒடுக்கம் நேர் எதிர்ப்பக்கம். சிவந்த மாவு ஒட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது. மோல்மீனில் ஆண்டுக்கு 4 மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. இங்கே கீலைத் தின்பதில் பாதி துருதான். துருத்தூள் பின்னுக்கும் துளைக்கும் நடுவே மணல்தாள் மாதிரி உராயும்.

வெர்னியரால் பின்னை மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளங்கள். துளையையும் அப்படியே. நம் ஊர் ஜீப்பில் பெரும்பாலும் மூன்று நூல் பின், அதாவது 9.5 மில்லிமீட்டர். துளை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிக் கொஞ்சம் பெரிதாகியிருந்தால், துளையை அளவாக இழைத்துப் பெரிதாக்குகிற ரீமர் போட்டுத் தடித்த பின் செருகலாம். ஆனால் நான் அதைச் செய்வதில்லை. அடுத்த முறை தேய்ந்தால் அதைவிடத் தடித்த பின் வேண்டும், உருளையின் சுவர் மெலிந்துகொண்டே போகும். புஷ் போட்டால் அடுத்த முறை புஷ்ஷை மட்டும் மாற்றினால் முடிந்தது.

புஷ் போடுவது

மூன்று நூல் பின்னுக்கு வெளிவிட்டம் நாலு நூல் இருக்கிற கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் சரியாக இருக்கும். சுவர் 1.6 மில்லிமீட்டர் வரும். புஷ்ஷுக்கு வெளியே உருளையில் குறைந்தது 2 மில்லிமீட்டர் இரும்பு மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்று தெரிந்தால் பழைய உருளையை அறுத்தெடுத்துவிட்டுத் தடித்த குழாயை வெல்டிங் செய்து, அதைக் கடைவதுதான் ஒழுங்கு.

எல்லாக் கதவிலும் கீலின் இரண்டு இதழுக்கும் புஷ் போடுவதைப் பார்க்கிறேன். அது தப்பு. பின் ஒரு இதழில் இறுக்கமாக நிற்க வேண்டும், மற்ற இதழில் மட்டும் சுழல வேண்டும். இரண்டிலும் தளர்வாக இருந்தால் கதவைத் திறக்கத் திறக்கப் பின் தானும் சுற்றி, மெல்ல மேலேறி ஒரு நாள் கழன்றுவிடும். வண்டியில் நிற்கிற இதழில் இறுக்கம், கதவோடு போகிற இதழில் புஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை வடிவமாகிவிட்ட துளையில் நேராக டிரில் விட்டால் அது தேய்ந்த பக்கமே சாயும். புதுத் துளையும் கோணலாகத்தான் வரும். இந்த ஒரு வேலையை லேத்துக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு இதழையும் மூடிய நிலையில் சேர்த்து ஒரு தடித்த பிளேட்டில் கிளாம்ப் போட்டுக் கொடுங்கள். எல்லா உருளையையும் ஒரே பிடிப்பில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துளைத்தால்தான் ஒரே கோட்டில் வரும். முதலில் மூன்று நூல் அளவுக்குச் சற்றுக் குறைவாக எல்லாவற்றையும் துளைத்து, பிறகு புஷ் போகிற உருளையை மட்டும் பெரிதாக்கச் சொல்லுங்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் லேத்காரரை அவசரப்படுத்தாதீர்கள். பாதிக் கடைசலில் நின்ற துளையை மறுபடி மையத்துக்குக் கொண்டுவருவது அவருக்குப் பெரிய பாடு.

புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிட 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை பெரிதாக இருந்தால் இறுகி நிற்கும். சுத்தியால் அடித்து ஏற்றாதீர்கள், வாய் மடங்கும். நீள போல்ட், நட், இரண்டு தடித்த வாஷர் போதும். நட்டை முடுக்க முடுக்கப் புஷ் நேராக உள்ளே போய் உட்காரும். உள்ளே போனதும் அதன் துளை சற்றே சுருங்கும், அதனால் கடைசி ரீமரை ஏற்றிய பிறகுதான் போட வேண்டும். பின்னுக்கு எண்ணெய் தடவி விட்டால், அது தன் பாரத்தில் புஷ்ஷுக்குள் மெல்ல இறங்கினால் அளவு சரி. கடகடவென்று விழுந்தால் பெரிதாகிவிட்டது.

கதவு இறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உருளைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிற முகமும் தேயும். அங்கே ஒரு மில்லிமீட்டர் போயிருந்தால் கதவு முழுதும் ஒரு மில்லிமீட்டர் கீழே. தேய்ந்த முகத்தை மட்டம் செய்து, போன அளவுக்குத் தகுந்த கன்மெட்டல் வாஷர் ஒன்றை நடுவில் போடுங்கள். இரும்பும் இரும்பும் உரசுகிற கீச்சுச் சத்தமும் அதோடு போய்விடும்.

பின்னுக்குப் பிரைட் ராடு, அதாவது வழவழப்பான இரும்புக் கம்பி, போதும். கடினமானது வேண்டும் என்றால் பெரிய லாரி என்ஜினின் பழைய இன்லெட் வால்வுத் தண்டை அளந்து பார்த்து எடுக்கலாம், நன்றாக உழைக்கும். எக்ஸாஸ்ட் வால்வை எடுக்காதீர்கள். சிலவற்றில் உள்ளே சோடியம் நிரப்பியிருப்பார்கள், அறுத்தால் ஈரம் பட்டுத் தீப்பிடிக்கும். பின்னின் தலை எப்போதும் மேலே இருக்க வேண்டும். தளர்ந்தாலும் கீழே விழாது, மழைத் தண்ணீரும் துளைக்குள் நேராக இறங்காது. புஷ் இருக்கிற உருளையின் நடுவில் 2 மில்லிமீட்டர் எண்ணெய்த் துளை ஒன்று போட்டுவிடுங்கள். இடம் இருந்தால் சின்னக் கிரீஸ் நிப்பிள் இன்னும் நல்லது.

இரண்டு கீலும் ஒரே கோட்டில்

இதுவரை செய்தது எல்லாம் நன்றாக இருந்தும் இந்த இடத்தில் தவறினால் ஒரே மழைக்காலத்தில் புதுப் புஷ்ஷும் போய்விடும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த லேத் பெரியவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். முதன்முதலாக நானே புஷ் போட்டுக் கதவு மாட்டிய நாளில் அவர் வந்து, கதவைத் தொடாமலே கேட்டார்.

"தம்பி, ரெண்டு கீலும் ஒரே கோட்டுல நிக்குதா?"

"பாத்துட்டேன் மாமா, நேராத்தான் இருக்கு."

"எதால பாத்த?"

"கண்ணாலதான் மாமா."

"ஒரு நூல் சாஞ்சா கண்ணுக்குத் தெரியாது. கதவைக் கழட்டு, நீள ராடா ஒண்ணு எடுத்துட்டு வா."

மூன்று நூல் பிரைட் ராடு, ஒரு கஜ நீளம். வளைவில்லாததா என்று கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் நிற்கும் இரண்டு இதழையும் போல்ட் போட்டு லேசாக மட்டும் முடுக்கி, மேல் கீல் உருளை வழியாக ராடை விட்டுக் கீழ் கீல் வரை இறக்குங்கள். இறுக்கமாக நிற்க வேண்டிய துளைகள் என்பதால் இந்தச் சோதனைக்கு மட்டும் ராடை மெருகுத்தாளில் கொஞ்சம் இழைத்து இலகுவாக்கிக்கொள்ளலாம். அன்றைக்கு என் ராடு கீழ் கீலின் விளிம்பில் போய் இடித்து நின்றது. கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் விலகல். அந்தக் கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கீல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும்.

ராடு இரண்டு கீலிலும் சுதந்திரமாகச் சுழல வேண்டும். எந்தப் பக்கம் இடிக்கிறதோ அந்தக் கீலுக்கு அடியில் தகட்டுத் துண்டு சேருங்கள் அல்லது எடுங்கள். ராடு உள்ளே இருக்கும்போதே போல்ட்டுகளை முழுதாக முடுக்கி, மறுபடி ராடைச் சுற்றிப் பாருங்கள். முடுக்கும்போது இதழ் நகர்ந்து கோடு மாறுவது சகஜம். இந்த வேலையில் எனக்கு ஒரு காலைப்பொழுது முழுதும் போவதுண்டு, அந்த நேரம் வீண் இல்லை.

தகடு வெடித்திருந்தால் அதைச் சரிசெய்வதும் இந்த நேரத்தில்தான். கதவைத் தாங்குவதற்காகச் செய்த உடம்பு இல்லை அது, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் தடிமன் உள்ள தகடு. வெடிப்பின் முனையில் சின்னத் துளை போட்டு நிறுத்தி, வெல்டிங் செய்து, உள்பக்கம் 3 மில்லிமீட்டர் பட்டை ஒன்றைத் தாங்கலாக வைத்து அதில் போல்ட்டுக்கு மரை போடுங்கள். பட்டை கீலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலமாக இருந்தால்தான் பாரம் பரவும். வெல்டிங்கின்போதும் டேங்க் வெளியேதான் இருக்க வேண்டும். லேண்ட் ரோவர்காரர்களுக்கு வேறொரு கவனம் வேண்டும். அந்த வண்டியின் வெளித்தகடு அலுமினியக் கலவை. இரும்புக் கீல் நேராகப் பட்டால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும், நடுவில் மெல்லிய ரப்பர் துண்டு கொடுங்கள்.

மாட்டுவது

இதழ்களின் உள்பக்கத்துக்கும் துரு தடுக்கும் பிரைமர் அடித்துக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கதவைக் கட்டைமேல் நிறுத்தி மேல் கீலை முதலில் கோத்து, போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். இடைவெளிகளில் ஒரே தடிமனான அட்டைத் துண்டுகளைச் செருகிக் கதவை மூடிய நிலையில் நிறுத்துங்கள். கதவுப் பக்க இதழ்களின் போல்ட்டைத்தான் இப்போது முடுக்கிச் சரிபார்க்க வேண்டும். வண்டிப் பக்கத்தைத் தொட்டால் ராடு காட்டிய கோடு போய்விடும். பூட்டுப் பக்கத்தை ஒன்றரை மில்லிமீட்டர் போல் உயர்த்தி வைப்பேன். கட்டையை எடுத்ததும் ரப்பரும் தகடும் அமுங்கி, கதவு தன் இடத்துக்கு வந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில்தான் பூட்டுக் கொக்கி. நாக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் கதவை மெல்லச் சாத்தினால் கொக்கியில் எங்கே படுகிறது என்று தடம் விழும். தடம் நடுவில் விழுகிற மாதிரிக் கொக்கியை நகர்த்தி முடுக்குங்கள். ஒற்றை விரலால் தள்ளினால் கதவு போய் உட்கார வேண்டும்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்டுகளை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள், புதுப் பெயின்ட் அமுங்கியதில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிறகு ஆண்டுக்கு இரண்டு தடவை எண்ணெய் விட்டால் போதும். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் ஒரு தடவை, அக்டோபரில் மழை ஓய்ந்ததும் ஒரு தடவை. எண்ணெய் விட்டதும் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். உருளையிலிருந்து முதலில் கறுப்பாக வருவதைத் துணியால் துடைத்துவிட்டு, தெளிந்த எண்ணெய் வரும்வரை விடுங்கள்.